மின்னணுச் சாதனங்களுக்குள் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட், சார்ஜர், டார்ச் லைட் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை, அதன்மேல் எறும்பு மொய்த்த மாதிரி குட்டிக் குட்டியாகப் பாகங்கள். இவையெல்லாம் என்ன செய்கின்றன என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பாகங்களின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கரண்ட் எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

சர்க்யூட் என்றால் என்ன?

மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கான முழு வழி. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு கம்பியை மட்டும் பல்பில் தொட்டால் ஒன்றும் நடக்காது. பல்பின் மறுமுனையிலிருந்து இன்னொரு கம்பி மைனஸுக்கு வந்தால்தான் எரியும். நடுவில் முடியளவு இடைவெளி விழுந்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஸ்விட்ச் என்பது நாமே வேண்டுமென்று வைத்துக்கொண்ட இடைவெளி, அவ்வளவுதான்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பல்பு கரண்டைத் "தின்றுவிடுகிறது" என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பல்புக்குள் எத்தனை ஆம்பியர் போகிறதோ அத்தனை ஆம்பியரும் வெளியே வந்துவிடும். செலவாவது ஆற்றல்தான்; அது வெளிச்சமாகவும் சூடாகவும் மாறிப் போகிறது.

வோல்ட், ஆம்பியர், ஓம்: மூன்றுக்கும் என்ன உறவு?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பது ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது.

உவமை ஒரு கட்டத்துக்குமேல் உதவாது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் கரண்ட் கொட்டாது, நின்றுவிடும். ஆனால் ஒரு விஷயத்தை இந்த உவமை நன்றாகக் காட்டுகிறது: உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்று கேட்கத்தான் வேண்டும். வோல்ட்டும் எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான். "இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட்?" என்ற கேள்வி அரைக் கேள்வி. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கால்களுக்கு நடுவே வித்தியாசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடியை எரிக்க வேண்டும். எரியும்போது அந்த எல்இடி தனக்கு ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை, கரண்டுக்குத் தடை போடும் பாகமான ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 7ஐ 0.02ஆல் வகுக்க, 350 ஓம். வழக்கமான ரெசிஸ்டர் வரிசையில் 350 கிடையாது. 330 அல்லது 390 போடலாம். ரெசிஸ்டரே வேண்டாம் என்று நேராக இணைத்தால்? எல்இடி ஒருமுறை பளிச்சென்று மின்னும். பெரும்பாலும் அதுதான் கடைசி மின்னல்.

ஸ்விட்ச் போட்டதும் எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா?

நத்தைகூட அதை முந்திவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். ஆனால் கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன. ஸ்விட்ச் போட்டதும் "நகரு" என்ற தள்ளல்தான் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. தண்ணீர் நிறைந்த ஹோஸ் குழாயில் குழாயைத் திறந்த கணமே மறுமுனையில் தண்ணீர் வருவதுபோல.

கரண்ட் பிளஸிலிருந்து மைனஸுக்கா, மைனஸிலிருந்து பிளஸுக்கா?

எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகிறது. படத்தில் அம்புக்குறி பிளஸிலிருந்து மைனஸுக்குப் போடுகிறோம். பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின், 18ஆம் நூற்றாண்டில், ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897இல். அதற்குள் எல்லோரும் பழகிவிட்டார்கள். கணக்கில் எந்தக் குழப்பமும் வராது, விட்டுவிடுங்கள்.

மின்சாதனத்துக்கும் மின்னணுச் சாதனத்துக்கும் என்ன வித்தியாசம்?

வாட்டர் ஹீட்டரில் கரண்ட் போகிறது, கம்பி சுடுகிறது, கதை முடிந்தது. மின்னணுச் சாதனத்தில் ஒரு கரண்ட் இன்னொரு கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. அதைச் செய்யும் பாகம் டிரான்சிஸ்டர். அதற்கு மூன்று கால்கள். ஒரு காலில் மிகச் சின்னதாக ஒரு கரண்டையோ வோல்ட்டையோ கொடுத்தால், மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே பெரிய கரண்ட் ஓடும், எடுத்துவிட்டால் நிற்கும். விரல் தேவைப்படாத ஸ்விட்ச் என்று சொல்லலாம். பாதித் திறந்த குழாய்போல இடைப்பட்ட நிலையிலும் வைக்கலாம், ஒலிபெருக்கிகளில் அப்படித்தான் பயன்படுகிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். குழுத் தலைவர் ஷாக்லியோடு சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஸ்விட்ச் எப்படி "யோசிக்கிறது"?

இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். மேலே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட், கீழே மைனஸ். ரெசிஸ்டரும் மேல் டிரான்சிஸ்டரும் சந்திக்கும் இடத்தை வெளியீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஏதாவது ஒன்று மூடியிருந்தாலும் கீழே போகும் வழி அடைபட்டுவிடும். கரண்ட் ஓடாது, ரெசிஸ்டரில் வோல்ட் இறங்காது, வெளியீடு 5 வோல்ட்டிலேயே நிற்கும். இரண்டும் திறந்தால்தான் வழி கிடைத்து வெளியீடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழும். "இரண்டும் ஆம் என்றால் இல்லை, மற்றபடி ஆம்" என்று பதில் சொல்லும் இதன் பெயர் நேண்ட் கேட். கூட்டல், ஒப்பிடுதல், நினைவில் வைத்திருத்தல் எல்லாவற்றையும் வெறும் நேண்ட் கேட்களைக் கொண்டே கட்டிவிடலாம். என்னைக் கேட்டால், மின்னணுவியலில் நம்பக் கடினமான உண்மை இதுதான். காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

இவற்றை ஒரே சிலிக்கான் சில்லில் அச்சடித்ததுதான் ஐசி. ஜாக் கில்பி 1958இலும் ராபர்ட் நாய்ஸ் 1959இலும் தனித்தனியாக இதற்கு வழி கண்டார்கள். 1971இல் வந்த இன்டெல் 4004 என்ற பிராசசரில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நல்ல போன் ஒன்றின் பிராசசரில் ஆயிரம் கோடிக்கும் மேல்.

ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. மலிவான, ஆபத்தில்லாத இந்த ஒரு சாதனத்துக்குள் பாடப்புத்தகத்தில் வரும் முக்கால்வாசி பாகங்களும் இருக்கின்றன. பழைய ரிமோட் கிடைத்தால் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு பேட்டரிகள் வரிசையாக இணைந்து 3 வோல்ட் தருகின்றன. யாரும் தொடாதபோது ஐசி தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது அது இழுக்கும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். ரிமோட்டுக்குத் தனியாக ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இல்லாததன் காரணம் அதுவே.

ரப்பர் பட்டனைப் புரட்டினால் அடியில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் தெரியும். கரி கலந்த ரப்பர் அது. பலகையில் அதற்கு நேர் கீழே, இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, ஆனால் தொடாமல் வைத்த மாதிரி இரண்டு தடங்கள் இருக்கும். கரி வட்டம் அதன்மேல் அழுந்தியதும் இரண்டு தடங்களும் இணைகின்றன. நாற்பது பட்டன்களுக்கு நாற்பது கால்கள் வைத்தால் ஐசி பூரான் மாதிரி ஆகிவிடும். அதனால் எட்டு நெடுவரிசை, ஐந்து கிடைவரிசை என்று கோலப்புள்ளிபோல அடுக்குகிறார்கள். 13 கால்களிலேயே வேலை முடிந்துவிடும். எந்த வரிசை எந்த வரிசையோடு இணைந்தது என்று பார்த்து, அழுத்தியது எந்தப் பட்டன் என்று ஐசி கண்டுபிடிக்கிறது.

இப்போது ஐசிக்குத் தாளம் வேண்டும். பல ரிமோட்டுகளில் 455 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 4,55,000 முறை அதிரும் ஒரு பீங்கான் துண்டு இருக்கும், ரெசொனேட்டர் என்பார்கள். அதை ஐசி 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38 கிலோஹெர்ட்ஸ். அந்தத் தாளத்தில் ஒரு டிரான்சிஸ்டர் எல்இடியை எரித்து அணைக்கிறது. ஐசியின் கால் தரும் கரண்ட் எல்இடிக்குப் போதாது என்பதால்தான் நடுவில் அந்த டிரான்சிஸ்டர். வெளியே போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. போனின் முன்பக்கக் கேமராவை நேராகக் காட்டினால் பல போன்களில் அது ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

எதற்கு இந்தத் துடிப்பு? வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, குண்டு பல்பிலும் உண்டு. டிவியில் உள்ள கண் 38 கிலோஹெர்ட்ஸில் துடிப்பதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். துடிப்பு எவ்வளவு நேரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பரவலாக உள்ள ஒரு முறையில் முதலில் 9 மில்லிநொடி துடிப்பு, 4.5 மில்லிநொடி மௌனம், அப்புறம் 32 பிட்கள், அதாவது ஒவ்வொன்றும் 0 அல்லது 1. டிவியின் அடையாளமும் பட்டனின் எண்ணும் அந்த 32க்குள் வந்துவிடும்.

போர்டில் இத்தனை கெப்பாசிட்டர்கள் எதற்கு?

கெப்பாசிட்டர் மின்னூட்டத்துக்குக் குடம் மாதிரி. ரிமோட்டிலேயே பேட்டரிக்குப் பக்கத்தில் உருளையாக ஒன்று நிற்கும். எல்இடி எரியும் அந்தக் கணத்தில் மட்டும் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல்கூடத் தேவைப்படலாம். பழைய பேட்டரியால் அதைச் சட்டென்று தர முடியாது. நிதானமாக நிரம்பியிருக்கும் குடம் தருகிறது.

பெரிய போர்டுகளில் ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். வட்ட வடிவத்தில் 104 என்று எழுதியிருந்தால் 10க்குப் பின்னால் நாலு பூஜ்யம், அதாவது 1,00,000 பிக்கோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட். ஐசிக்குள் லட்சக்கணக்கான ஸ்விட்ச்கள் ஒரே நேரத்தில் புரளும்போது நானோநொடிகளுக்குள் கரண்ட் தேவைப்படும். தூரத்திலிருந்து தடம் வழியாக வந்து சேர்வதற்குள் வோல்ட் விழுந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு குடம். இது இல்லாமல் போர்டு வடிவமைத்தால் ஏன் என்றே தெரியாமல் அவ்வப்போது தானாக ரீசெட் ஆகும்.

கிரவுண்டு என்றால் பூமியா?

பெரும்பாலும் இல்லை. இந்த இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம் என எல்லோரும் ஒத்துக்கொண்ட புள்ளிதான் கிரவுண்டு. கையில் இருக்கும் போனுக்கும் மண்ணுக்கும் எந்த இணைப்பும் இல்லை, ஆனாலும் அதற்குள் கிரவுண்டு உண்டு. போர்டில் அகலமாகச் செம்பு பரப்பியிருக்கும் பகுதி பெரும்பாலும் அதுதான். எல்லாப் பாகங்களின் கரண்டும் திரும்பிப் போகும் பொதுவழி என்பதால் அகலமாக விடுகிறார்கள். தடத்தில் உள்ள செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான்தான். தடிமன் குறைவு, அகலத்தில் ஈடுகட்டுகிறார்கள்.

சுவரில் 230 வோல்ட், போனுக்கு 5 வோல்ட். இவ்வளவு சின்ன சார்ஜர் இதை எப்படிச் செய்கிறது?

பழைய அடாப்டர்கள் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். உள்ளே வோல்ட்டைக் குறைக்கும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். நொடிக்கு 50 முறை மட்டும் திசை மாறும் மின்சாரத்துக்குப் பெரிய இரும்பு தேவை. எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ, அவ்வளவு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

இன்றைய சார்ஜர் அந்த ஓட்டையில் நுழைகிறது. முதலில், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் நாலு டையோடுகள், திசை மாறி மாறி ஓடும் 230 வோல்ட் ஏசியை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குகின்றன. 230 என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு, உச்சம் 325. அதனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிரம்பும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விரல்நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. மறுபக்கம் குறைந்த வோல்ட்டாக வருவதை மறுபடி டிசி ஆக்கினால் 5 வோல்ட். வெளியீடு கூடுகிறதா குறைகிறதா என்பதை ஒரு சின்ன எல்இடி ஒளியால் முதல் பக்கத்துக்குச் சொல்கிறது. கம்பி போட்டுச் சொல்லக்கூடாதா? கூடாது. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நேரடி வழி இருந்தால் சுவர் மின்சாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். தரமில்லாத சார்ஜர்களில் கைவைக்கும் இடமும் இந்த இடைவெளிதான்.

சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பைத் தொட்டால் சுறுசுறுவென்கிறதே?

உலோக உடம்பு, எர்த் இல்லாத இரண்டு முள் பிளக். இரண்டும் சேர்ந்தால் இது வரும். இரைச்சலை அடக்குவதற்காக சார்ஜரின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள். அதன் வழியாக மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்கு கசிந்து உங்கள் உடம்பு வழியே தரைக்குப் போகிறது. ஒழுங்கான சார்ஜரில் இதனால் ஆபத்தில்லை. எர்த் உள்ள மூன்று முள் பிளக் போட்டால் நின்றுவிடும். லேசான சுறுசுறுப்பைத் தாண்டி "சுரீர்" என்றால் அந்தச் சார்ஜரைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

ஏன் எல்லாமே சூடாகின்றன?

தடை இருக்கும் இடத்தில் கரண்ட் போனால் சூடு வரும், கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை புரளும்போதும் கொஞ்சம் ஆற்றல் வீணாகும். நொடிக்குக் கோடிக்கணக்கான முறை புரண்டால் சொல்லவே வேண்டாம்.

பேட்டரியை மீட்டரில் வைத்தால் 1.3 வோல்ட் காட்டுகிறது. சாதனம் மட்டும் வேலை செய்யவில்லையே?

மீட்டர் (வோல்ட், கரண்ட், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டர்) கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. சாதனம் இழுக்கும். பழைய பேட்டரிக்குள் தடை கூடிப்போயிருக்கும். கரண்ட் ஓடத் தொடங்கியதும் வோல்ட்டில் பெரும்பகுதி உள்ளேயே தொலைந்துவிடும். சாதனத்தை இயக்கிக்கொண்டே அளந்தால்தான் உண்மை தெரியும். பேட்டரியை உருட்டிவிட்டால் மறுபடி வேலை செய்கிறதே என்றால், ஸ்பிரிங்கில் படிந்த அழுக்கு உரசிப் போனதுதான் பெரும்பாலும் காரணம். ஓய்வில் பேட்டரி கொஞ்சம் தேறுவதும் உண்டு.

மல்டிமீட்டரில் எல்லோரும் செய்யும் தவறு எது?

கரண்ட் அளக்கும் துளையில் கம்பியை வைத்துவிட்டு வோல்ட் அளக்கப் போவது. அந்தத் துளைக்குள் தடை கிட்டத்தட்ட இல்லை, ஆக பேட்டரியின் இரண்டு முனைகளையும் மீட்டரே ஷார்ட் செய்துவிடும். ஷார்ட் என்றால் சுமை எதையும் தொடாமல் கரண்ட் திரும்பிவரக் கிடைத்த குறுக்குவழி. தடுக்க ஆளில்லாததால் பெருவெள்ளமாகப் பாயும். மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். இப்படி என் மீட்டரில் மூன்று ஃப்யூஸ் போயிருக்கிறது, மூன்றும் இரவு பதினொரு மணிக்கு மேல். அசதியில் துளையைப் பார்க்க மாட்டோம். அப்புறம், ஓம் அளக்கும்போது போர்டில் மின்சாரம் இருக்கவே கூடாது.

எதையெல்லாம் திறக்கலாம்?

பேட்டரியில் ஓடும் ரிமோட், கடிகாரம், பொம்மை: தாராளமாக. சுவரில் செருகும் எதையும் புதிதாகப் பழகுபவர்கள் திறக்க வேண்டாம். மேலே சொன்ன 325 வோல்ட் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிரம்பியே இருக்கக்கூடும். மைக்ரோவேவ் அவனை அனுபவசாலிகளே தயங்கித்தான் திறப்பார்கள், அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது.

ரிமோட்டில் சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை. எங்கே பார்ப்பது?

ஒரே ஒரு பட்டன் என்றால் கரி வட்டம் தேய்ந்திருக்கும், அல்லது அதன்மேல் பிசுக்குப் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெல்லத் துடையுங்கள். தேய்த்தால் கரியே போய்விடும்.

நாலைந்து பட்டன்கள் சேர்ந்தாற்போல் போயிருந்தால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். அவை ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பட்டன்களின் சீப்புத் தடங்களில் எது எல்லாவற்றுக்கும் பொது என்று பாருங்கள். அந்தத் தடத்தை ஐசிவரை விரலால் தொடருங்கள். மீட்டரைப் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒரு முனை ஐசியின் பக்கம், மறுமுனை ஒவ்வொரு பட்டனாக. பீப் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு முன்னால் பேட்டரி கசிவு தின்ற பச்சைத் தழும்போ, கீழே விழுந்தபோது விழுந்த கீறலோ இருக்கும். தடத்தை மூடியிருக்கும் பலகையின் பச்சைப் பூச்சை அறுந்த இடத்தின் இருபுறமும் கொஞ்சம் சுரண்டி, முடிபோன்ற ஒரு செம்புக் கம்பியைச் சால்டர் வைத்து ஒட்டினால் போதும்.